முகூர்த்தம் பார்த்த திராட்சை

அத்தியாயம் 17

காலை எட்டு மணிக்கே முதல் வாடகை வான் வந்துவிட்டது. அதிலிருந்து முதலில் இறங்கியது மாம்பழ நிறப் பட்டுச்சேலை ஒன்று. அதற்குள் வெம்பிளி றோஸ்மலர் மாமி இருப்பது பிறகுதான் தெரிந்தது.

ஹவுன்ஸ்லோவின் ஓரத்தில், ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்களின் வயிறு தெரியும் இடத்தில், சேறு காயாத மூன்று ஏக்கர் தோட்டம் அது. அங்கே திராட்சை வெட்ட வந்த மாமி ஏன் பட்டில் வந்தார் என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. அழைப்பிதழ் அப்படி. மேலே பிள்ளையார் சுழி, நடுவில் தங்க எழுத்தில் 'திராட்சை அறுவடை வைபவம்', கீழே 'விஜயதசமி ஞாயிறு, சுபவேளை முற்பகல் 10.14 முதல் 11.40 வரை, சுற்றமும் நட்பும் சூழ வருக.' கலியாணத்துக்கு அடிக்கும் அதே அச்சகத்தில் பாலேந்திரா ஆகஸ்ட் மாதமே அடித்து, அறுபது வீட்டுக்குக் கொடுத்திருந்தார்.

பழம் எப்போது பழுக்கும் என்று பழத்தைக் கேட்காமல் பஞ்சாங்கத்தைக் கேட்ட தோட்டக்காரர் இங்கிலாந்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவருடைய மனைவி தவமலர் கொட்டிலுக்குள் இருந்தாள். கொட்டில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு எஃகுத் தொட்டி, ஒரு பிழியும் இயந்திரம், தரை கழுவ ஒரு குழாய். அவளுடைய வைன் தொழிற்சாலை அவ்வளவுதான். பதினைந்து வருஷம் விமானச் சாப்பாட்டுத் தட்டில் தயிர்க் கோப்பை அடுக்கிய கை, நாலு வருஷத்துக்கு முன் இந்தக் கொடிகளை நட்டது. ஒரு சொட்டு வைனும் அவள் குடிப்பதில்லை. வாயில் வைப்பாள், யோசிப்பாள், துப்பிவிடுவாள். 'சாராயக்காரி' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள்தான் இன்று வான் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னொருக்காப் பாரடி," என்றாள் தவமலர்.

மகள் தர்மிகா பழத்தை நசுக்கி, ஒரு துளிச் சாற்றைச் சீனி பார்க்கும் குழாயில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்தாள். வைன் செய்கிற படிப்பைச் சசெக்ஸில் முடித்துவிட்டு வந்த பிள்ளை. சீனிக் கணக்கை வேறு யார் சொன்னாலும் தவமலர் நம்பமாட்டாள்.

"சீனி பதினாலுதான் அம்மா. நேற்றையும் பதினாலு. நான் பாத்துக்கொண்டு நிண்டா அது கூடிடாது."

"பதினாறு வேணும்."

"தெரியும். இன்னும் பத்து, பன்னிரண்டு நாள் இந்த வெயில் எறிச்சா வரலாம். ஆனா அப்பா வெளியிலை நிண்டு ஆக்களுக்கு ரோஸ் மில்க் குடுக்கிறார்."

சனிக்கிழமை மாலை தொடங்கிய வயிற்றெரிச்சல் இது. போன வாரம் வாசித்தவர்களுக்குத் தெரியும், தவமலர் அன்றிரவே கணவரிடம் சொல்லிவிட்டாள், பழம் பழுக்கவில்லை என்று. "எல்லாருக்கும் சொல்லியாச்சு, இனி என்ன செய்யிறது" என்று அவர் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

இந்த 2007ஆம் ஆண்டு அவளுக்குச் செய்ததை எதிரிக்கும் செய்யக் கூடாது. ஏப்ரல் மாதம் நடுக்கோடை போல எறித்தது. கொடிகள் ஏமாந்துபோய் மூன்று கிழமை முந்தியே துளிர்த்தன. எல்லோரும் ஆகா என்றிருக்க, மே மாதம் குளிர் திரும்பி வந்தது. ஜூனில் பூக்கிற பத்து நாளும் மழை. திராட்சைப் பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அது காயாக வெயிலும் காய்ந்த காற்றும் வேண்டும். மழையில் பாதிப் பூ கொட்டிப்போனது. ஜூலையில் வெள்ளம். நாட்டில் எங்கெங்கோ ஊர்கள் தண்ணீருக்குள் கிடந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். தவமலரின் தோட்டத்தின் கீழ்ப் பாதியும் கிடந்தது, அதை யாரும் காட்டவில்லை.

ஆகஸ்டில் இலைகளில் பூஞ்சணம். மருந்து அடித்த கை ஓயவில்லை. செப்டம்பர் பிறந்த பிறகுதான் வானம் மனமிரங்கியது. மழை விட்டது. ஒக்டோபரில் காலையில் குளிரும் பகலில் நல்ல வெயிலுமாக நாட்கள் போய்க்கொண்டிருந்தன. இந்த வெயில்தான் அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே முதல். அதையும் இன்று வெட்டி எறியச் சொன்னால் எப்படி?

அதுவும் சும்மா வெட்டு இல்லை. நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சொந்தம். அண்ணன் சதாசிவத்துக்கு இந்த இடத்தில் விமானப் பயணிகளின் கார் நிறுத்தும் பார்க் போட ஆசை. "நாலு வருஷம் தாறன். நாலாம் வருஷம் போத்திலிலை பேர் போட்டு விக்கக்கூடிய வைன் வந்தாக் கொடி நிக்கட்டும். வராட்டிப் புடுங்குவம்," என்று 2003இல் சொன்னவர் அவர். இது நாலாம் வருஷம். புளிக்கிற பழத்தை வெட்டினால் புளிக்கிற வைன். புளிக்கிற வைன் என்றால் கார் பார்க்.

தவமலர் கொட்டிலை விட்டு வெளியே வந்தாள். புல்லின் மேல் வெண்பனி உறைந்து, நடந்த இடமெல்லாம் கால் தடம் கறுப்பாகத் தெரிந்தது.

பாலேந்திரா ஓடி வந்தார். வேட்டி, சால்வை, அதற்கு மேல் கம்பளிக் கோட்டு.

"தவம், பாத்தீரோ? உறைபனி விழுந்திட்டுது. இனி இலை கருகும். இலை கருகினாப் பழம் பழுக்காது எண்டு நீர்தான் சொன்னனீர். இனிப் பொறுத்து என்ன பலன்?"

"மேலை பாருங்கோ."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஆறடி உயரத்தில், தலைக்கு மேலே, பந்தலில் படர்ந்த இலைகள் பச்சையாகவே இருந்தன. உறைபனி நிலத்தோடுதான் கிடந்தது. மேலே ஏறவில்லை.

இங்கே எல்லோரும் கொடியை இடுப்பளவில் கம்பியில் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கட்டுகிற மாதிரிப் பந்தல்தான் போடுவேன் என்று தவமலர் ஒற்றைக்காலில் நின்றாள். ஆலோசனை சொல்ல வந்த வெள்ளைக்காரர் சிரித்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். இன்று அவருக்கு ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் இண்டைக்கு வெட்ட விடமாட்டன்," என்றாள்.

"ஊரைக் கூட்டிப் போட்டு உப்பிடிச் சொன்னா? என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"உங்கடை முகம் பழுத்துத்தானே கிடக்கு. பழுக்காதது பழம்."

தர்மிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலேந்திரா சிரிக்கவில்லை. அவர் வாசல் படலைப் பக்கம் பார்த்தார். அண்ணனின் கார் உள்ளே வந்துகொண்டிருந்தது.

சதாசிவம் கோயில் தர்மகர்த்தா சபையின் தலைவர். நெற்றி நிறைய விபூதி. தம்பி பெண்சாதி வைன் செய்கிறாள் என்பது அவருக்கு நாலு வருஷமாகத் தொண்டையில் குத்திய முள். பின்னால் அவர் மனைவி வத்சலா, தயிர்ச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் நிறைத்த ஏதனங்களோடு இறங்கினார். வத்சலா அக்கா இல்லாமல் இந்தக் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதும் நடந்ததில்லை.

பத்து மணிக்குள் ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வாமதேவன் குடும்பத்தோடு வந்திருந்தார். யாரோ கடதாசி சுற்றிய சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கற்பூரத் தட்டும் தேங்காயும் முதல் வரிசைக் கொடியின் கீழே தயாராக இருந்தன.

பத்தேகால். சதாசிவம் புதுக் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துத் தவமலரிடம் நீட்டினார்.

"முதல் குலையை நீர் வெட்டும். வீட்டு மருமகள்."

தவமலர் கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அத்தான், குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு வெட்டு இல்லை."

விமானம் ஒன்று மேலே போனது. சத்தம் அடங்கியதும் சதாசிவம் வெறும் தட்டைக் கீழே இறக்கினார்.

"என்ன சொல்லுறீர்?"

"பழம் பழுக்கேல்லை. இன்னும் பன்னிரண்டு நாள் வேணும்."

"இண்டைக்கு விஜயதசமி," என்றார் சதாசிவம், அது பழத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற குரலில். "இதைவிட நல்ல நாள் உமக்கு எங்கை கிடைக்கும்? சீனி காணாட்டிச் சீனி போடலாம்தானே. இந்த நாட்டிலை எல்லாரும் போடுகினம், சட்டமும் விடுகுது எண்டு தம்பி சொன்னவன்."

"சீனி போட்டா வெறி கூடும் அத்தான். பச்சைப் பழத்தின்ரை புளிப்பும் கசப்பும் அப்பிடியே இருக்கும். பேர் போட்டு விக்கிற வைன் வேணும் எண்டு சொன்னது நீங்கள். சீனித் தண்ணியிலை எந்தப் பேரைப் போடுறது?"

"எல்லாருக்கும் முன்னாலை தர்க்கம் வேண்டாம். வெட்டும்."

"வெட்டமாட்டன்."

இவ்வளவு காலமும் சதாசிவத்துக்கு முன்னால் அவள் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொன்ன பிறகு திருப்பி எடுக்கத் தோன்றவில்லை, இன்னொரு தரம் சொல்லலாம் போலத்தான் இருந்தது.

பாலேந்திரா இடையில் புகுந்தார். "தவம், ஒரு குலை மட்டும் வெட்டும். சாத்திரத்துக்கு."

"ஒரு குலை வெட்டினா ஐம்பது பேரும் கை வைப்பினம். பிறகு ஆர் மறிக்கிறது?"

அவள் எட்டி, ஒரு குலையிலிருந்து கைநிறையப் பழம் கிள்ளினாள். நேரே வாமதேவனிடம் போனாள்.

"அண்ணை, உங்கடை கடையிலை பழம் விக்கிறியள். இதைத் தின்னுங்கோ. இதை உங்கடை தட்டிலை போட்டு விப்பியளோ?"

வாமதேவன் மரியாதைக்காக வாங்கி வாயில் போட்டார். அவருடைய முகம் ஒரு பக்கமாகக் கோணி, கண் இரண்டும் மூடி, தோள் ஒருதரம் குலுங்கியது. சபை சிரித்தது. அவருடைய பேரப்பிள்ளை இன்னும் ஒன்று கொடுக்கச் சொல்லிக் கை தட்டியது.

"அம்மாடி," என்றார் வாமதேவன் வாயைத் துடைத்துக்கொண்டு. "சதாசிவத்தார், கோவிக்காதேங்கோ. இது ஊறுகாய்க்கும் ஆகாது."

தவமலர் கூட்டத்தைப் பார்த்தாள். தூரத்திலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் நாளைக்கு லண்டன் முழுக்க இதுதான் கதை. அது போகட்டும். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது வேறொன்று. நூறு கை இங்கே நின்றன. தனியாக அவள் மூன்று கிழமை செய்தாலும் முடியாத வேலை ஒன்று தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது அவளுக்குக் கசந்தது.

"எல்லாரும் கேளுங்கோ," என்று குரலை உயர்த்தினாள். "பழம் பழுக்காததுக்கு மழை பாதிக் காரணம். மற்றப் பாதி நான். யாழ்ப்பாணத்திலை முந்திரிகைக் கொடிக்கு நிழல் வேணும், அங்கை வெயில் சுடும். அந்தப் பழக்கத்திலை இஞ்சையும் இலையை அடர்த்தியாய் விட்டிட்டன். இந்த நாட்டிலை வெயிலைக் காசுக்கு வேண்டிக் குடுத்தாலும் காணாது, நான் இருந்த வெயிலையும் மறைச்சுப் போட்டன். பந்தல் சரி. நிழல் பிழை. பிழை என்னிலைதான்."

தர்மிகா தாயைப் பார்த்தாள். இந்த விஷயத்தை அவள் ஜூன் மாதமே சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டவள். இப்போது அவள் பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வரிசையாக வைக்கத் தொடங்கினாள்.

"வந்தனீங்கள் சும்மா போகாதேங்கோ. கத்தரிக்கோல் வேண்டாம், கை காணும். ஒரு குலைக்கு மூண்டு இலை கிள்ளுங்கோ. தெற்குப் பக்கம், குலையை மறைக்கிற இலை மட்டும். நாலாவது இலையிலை கை வைக்க வேண்டாம், இலைதான் சீனி செய்யிறது. அழுகின பழம் கண்டா அதை மட்டும் கிள்ளி வாளியிலை போடுங்கோ. வெயில் உள்ளுக்கை போகட்டும், காத்து நுழையட்டும். பன்னிரண்டு நாளிலை திரும்பக் கூப்பிடுறன். அப்ப வெட்டுவம்."

எல்லோரும் சதாசிவத்தைப் பார்த்தார்கள். அவர் அசையாமல் நின்றார்.

றோஸ்மலர் மாமிதான் முதலில் நடந்தார். பட்டுச்சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கவிழ்த்த வாளியில் ஏறி நின்றார்.

"மூண்டு இலை எண்டால் எந்த மூண்டு? வந்து காட்டு பிள்ளை. எனக்குக் கண்ணும் தெரியாது, வாளியும் ஆடுது."

பிறகு என்ன, கூட்டம் கலகலவென்று பந்தலுக்குள் புகுந்துவிட்டது. உயரமான இளவட்டங்கள் நின்றபடி கிள்ளினார்கள். குள்ளமானவர்கள் வாளியில் ஏறினார்கள். சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தவர் அதைப் பந்தல் தூணில் தொங்கவிட்டுவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டார். யாரோ பழைய பகையை மறந்து யாருடனோ சீதனக் கதை பேசினார்கள். ஒரு விமானம் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் தொடங்கினார்கள்.

தவமலர் எதிர்பார்த்த சண்டை மட்டும் வரவில்லை. சதாசிவம் அவளிடம் வந்தார்.

"சரி. உம்மடை விருப்பம்," என்றார் மிக அமைதியாக. "பன்னிரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு மாசம் பொறும்."

சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். பாலேந்திரா குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். சதாசிவம் சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. கோயிலில் விஜயதசமி வாழைவெட்டு இருக்கிறது என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற மனிதர் இல்லை அவர்.

வத்சலா அக்கா மட்டும் நின்று எல்லோருக்கும் பரிமாறினார். தவமலரின் தட்டில் பொரியல் வைக்கும்போது, "நீ செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது தவம். ஆனா நல்ல வடிவாய்ச் சொன்னாய்," என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர் போலக் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு தயிர்ச்சாதம் இன்னும் வேணுமா என்று கேட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேலை இன்னும் விறுவிறுத்தது. மூன்று மணிக்கு மேற்கு வரிசைகள் முடிந்தன. சாய்ந்த வெயில், இதுவரை ஒருபோதும் நுழையாத இடத்தில் நுழைந்து, குலைகளின் மேல் நேரே விழுந்தது. பச்சையாக இருந்த பழம் வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது. தவமலருக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று அழுதுகொண்டே கிள்ளினாள். பன்னிரண்டு நாள் போதும் என்று இப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அம்மா, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

தர்மிகா கடைசி வரிசையின் மூலையில் முழந்தாளிட்டிருந்தாள். புல்லுக்குள் ஒரு கட்டை. உச்சியில் செம்மஞ்சள் மை பூசிய, முழங்கை நீளக் கட்டை. பத்தடி தள்ளி இன்னொன்று. வேலி நெடுக அளந்து அடித்திருந்தார்கள்.

"இது ஆர் அடிச்சது?"

"எனக்குத் தெரியாது அம்மா. போன சனிக்கிழமை நாங்கள் சந்தைக்குப் போனபோது அடிச்சிருப்பினம். புது மரம், பாருங்கோ."

தவமலர் எழுந்தாள். படலையடியில் பாலேந்திரா நின்று, போகிற விருந்தினருக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார். கடைசி வான் போகும் வரை அவள் பொறுத்தாள். அதற்குமேல் பொறுக்கவில்லை.

"கட்டை ஆர் அடிச்சது?"

அவர் கூப்பிய கையை இறக்கிக்கொண்டு, போன வானின் பக்கம் பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோ, என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

"புதன்கிழமை மெஷின் வருகுது," என்றார் தரையைப் பார்த்து.

"எந்த மெஷின்?"

"கிண்டிற மெஷின். பார்க்கிங் கொம்பனிக்காரர். இண்டைக்கு வெட்டி முடிஞ்சாப் பிறகு ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டு இருந்தன். பழத்தை எடுத்தாப் பிறகு கொடி என்னத்துக்கு? உமக்கும் ஒரு வைன் செய்த மாதிரி இருக்கும், அண்ணைக்கும்..."

"நிலம் ரெண்டு பேரின்ரை பேரிலை. ரெண்டு கையெழுத்து இல்லாமல் ஒருத்தரும் வரேலாது."

"ஓம்."

"நீங்கள் போட்டனீங்களோ?"

"ஓம்."

"எப்ப?"

"ஜூலையிலை. அந்த வெள்ளத்துக்குள்ளை."

தவமலருக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று, சரிந்த பந்தலைத் தோளால் முட்டுக்கொடுத்து, தர்மிகா கயிறு கட்டும் வரை அசையாமல் நின்ற கிழமை அது. வீட்டுக்குப் போனால் அவர் சூடான தேநீர் வைத்திருப்பார். கால் விறைத்திருக்கும், அவரே தேய்த்துவிடுவார். எவ்வளவு நல்ல மனிதன் என்று அப்போது நினைத்தாள். அதே கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"பூவெல்லாம் கொட்டிப் போச்சு தவம். கொடி தண்ணியிலை நிண்டுது. எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். அண்ணை கடதாசியோடை வந்தவர். என்னாலை..."

"எனக்கும் முடிஞ்சுது எண்டுதான் இருந்தது," என்றாள் தவமலர். "நான் கயிறு கட்டினன். நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள்."

கோபத்தில் கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கத்தவில்லை. அவளுக்கு இப்போது அழுகையும் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு வேகம் மட்டும் இருந்தது. கொட்டிலுக்குள் போனாள். பந்தலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த தடித்த சங்கிலியையும் ஒரு பூட்டையும் கொண்டுவந்தாள். இரும்புப் படலையைப் பாதி சாத்தி, சங்கிலியைக் கம்பிக்குள்ளால் விட்டு இழுத்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"தர்மி, நீ வீட்டை போய்ப் போர்வை ரெண்டும், ஹீட்டரும், அரிசி பருப்பும் கொண்டு வா. கொட்டிலுக்கை படுக்க இடம் இருக்கு. பழத்திலை பதினாறு வாற நாள் வரைக்கும் நான் இஞ்சைதான். புதன்கிழமை மெஷின் வரட்டும். வாற ஆளோடை நான் கதைக்கிறன்."

"அம்மா, நானும் நிக்கிறன்," என்றாள் தர்மிகா. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் இடையால் புகுந்து வெளியே ஓடினாள்.

"தவம், விசர் வேலை பாக்காதையும். கொம்பனிக்காரன் பொலிஸைக் கூப்பிடுவான். அண்ணை கோயில்லை தலை காட்டேலாது. நான் ரெண்டு பேருக்கும் நடுவிலை நிண்டு..."

"நாலு வருஷம் நடுவிலை நிண்டது காணும்."

அவர் படலையின் இடைவெளியில் நின்றார். ஒரு கால் தார் றோட்டில், மற்றது தோட்டத்து மண்ணில். கம்பளிக் கோட்டுக்குக் கீழே வேட்டி காற்றில் அடித்தது. அவளுடைய கையில் பூட்டு திறந்தபடி இருந்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டினார்.

"சாவியைத் தாரும்."

தவமலர் சாவியைக் கொடுக்கவில்லை.

"முதல், எந்தப் பக்கத்திலை நிண்டு கேக்கிறியள் எண்டு சொல்லுங்கோ."